வாசலில் நிற்பவர் யார்? கடன் வசூலிக்க வருபவரிடம் பேச ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஏழாம் தேதி வந்தால் இரண்டு கூட்டம் கிளம்பும். ஒன்று சம்பளம் வாங்கிய கூட்டம், இன்னொன்று அந்தச் சம்பளத்தைக் கேட்டு வரும் கூட்டம். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பது வேலைச் சட்டம். அது தொழிலாளிக்குத் தெரிகிறதோ இல்லையோ, கடன் வசூலிக்க வருபவருக்கு நன்றாகத் தெரியும். ஆறாம் தேதி இரவே போன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

நான் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவன். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்து டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த பிறகும், பிறர் கடிதத்தை வாசித்துச் சொல்லும் வேலை மட்டும் என்னை விடவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முதல் மோட்டார் எடுக்கிறார்கள், முதல் கிரெடிட் கார்டு வாங்குகிறார்கள். இரண்டு தவணை தவறியதும் வாசலில் ஆள் வந்து நிற்கிறார். இதை முதல் தடவையாகச் சந்திப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் சொல்வது தீபகற்ப மலேசியாவுக்கு. சபா, சரவாக்கில் சில விதிகள் வேறு.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரப் பையன் ஒருவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டவில்லை. ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கையில் ஃபைலோடு ஒருவர் வந்து, "இன்றைக்கு 600 வெள்ளி கொடுக்காவிட்டால் நாளைக்கு வீட்டுச் சாமானைத் தூக்குவோம்" என்று என் மனைவியிடம் சத்தம் போட்டிருக்கிறார். அவள் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டாள். ரசீது இல்லை. பிறகு கடன் கொடுத்த நிறுவனத்தில் விசாரித்தால், அப்படி ஒரு பணம் கணக்கில் ஏறவே இல்லை. வந்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் என் அப்பா காகித விஷயத்தில் கறார். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்த ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுச் சாகும்வரை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் சரியாகப் போகாத மனிதருக்கு இருந்த புத்தி, கிராணி வேலை பார்த்த எனக்கு அன்றைக்கு இல்லாமல் போயிற்று.

ஆள் யார் என்று பிரித்துப் பாருங்கள்

வசூலுக்கு வருபவர் எல்லாரும் ஒரே ஜாதி இல்லை. வங்கி நியமித்த வசூல் ஏஜென்சிக்காரர் ஒரு வகை. தவணை தவறிய மோட்டார் சைக்கிளையோ காடியையோ (காரையோ) இழுக்க வருபவர் இன்னொரு வகை. அமைச்சின் உரிமம் வாங்கி வட்டிக்கு விடுபவரின் ஆள் வேறு, உரிமமே இல்லாத ஆலோங்கின் ஆள் வேறு. கோர்ட் உத்தரவோடு வரும் அமீனா இவர்கள் யாரோடும் சேராதவர். அப்புறம், இந்த எவருமே இல்லாத, உங்கள் பெயரையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் எங்கோ பொறுக்கிக்கொண்டு வந்த மோசடிக்காரர். ஒவ்வொருவருக்கும் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரம் வேறு வேறு. பாதிப் பேருக்கு வாயைத் தவிர வேறு அதிகாரமே கிடையாது.

ஆகவே முதல் வேலை, கேட்டைப் பூட்டியபடியே வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது. உங்கள் பெயர் என்ன, எந்த நிறுவனம், யார் சார்பாக வந்தீர்கள், எந்தக் கடன், கணக்கு எண் என்ன, பாக்கி எவ்வளவு. அடையாள அட்டையையும், தன்னை அனுப்பிய நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். மலாயில் கேட்க வேண்டுமானால் ஒரே வரி போதும்: "சிலா துஞ்சுக்கான் சூராட் குவாசா." குரலை உயர்த்த வேண்டியதில்லை. அவர் கத்தினால் நீங்கள் இன்னும் மெதுவாகக் கேளுங்கள். காட்டினால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டாவிட்டால், "கடிதத்தோடு வாருங்கள், பேசுவோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம். அது மரியாதைக்குறைவு இல்லை. வீட்டுக்குள் வர அவருக்கு உரிமை கிடையாது.

அன்றைக்கு மூன்று காரியம் செய்யாதீர்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "ஆமாம், அடுத்த வாரம் கட்டிவிடுகிறேன்" என்று வாட்ஸ்ஆப்பில் எழுதிக் கொடுக்காதீர்கள். மூன்றாவது ஏன் என்று பழைய கடன் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

ஆள் போனதும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, தேதி, மணி, வந்தவர் பெயர், வண்டி எண், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதுங்கள். வார்த்தையைச் சுருக்க வேண்டாம். "கெட்ட வார்த்தை பேசினார்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. என்ன வார்த்தை என்றே எழுதுங்கள். போன் வந்த நேரத்தையும் குறியுங்கள். வாட்ஸ்ஆப் செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் சாட்சியும் தொலைந்துவிடும்.

வங்கி அனுப்பிய ஆள் என்றால்

கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணுக்கோ வங்கிக் கிளைக்கோ நீங்களே அழைத்துச் சரிபாருங்கள். வந்தவர் கொடுத்த எண்ணுக்கு அழைத்தால் அவருடைய கூட்டாளியே எடுப்பார். கடனை வெளி ஏஜென்சியிடம் கொடுக்கும் முன் வங்கி உங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் பழைய முகவரிக்கு, அதாவது நீங்கள் காலி செய்த லயத்துக்கு, போயிருக்கலாம். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் வங்கியில் முகவரி மாற்றாமல் விடுவது பெரிய வினை. கோர்ட் கடிதம்கூட அங்கேதான் போகும். வீடு மாறிய அன்றே செய்ய வேண்டிய வேலை அது.

வங்கி நிஜமாகவே நியமித்தவராக இருந்தாலும் அவர் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். கேட்கலாம், கடிதம் எழுதலாம், எப்படிக் கட்டுவீர்கள் என்று பேசலாம். சாமானைத் தொட முடியாது. கைது செய்ய முடியாது. போலீஸ் வந்து பிடிக்கும் என்று சொன்னால் அது வெறும் மிரட்டல். கடன் பாக்கி என்பது சிவில் விஷயம், போலீஸ் அதற்காக யாரையும் பிடிப்பதில்லை. உங்கள் கடன் விவரத்தைப் பக்கத்து வீட்டாரிடமோ, வேலையை மேற்பார்க்கும் தண்டலிடமோ, தோட்டத்து ஆபீஸிலோ சொல்லவும் அவருக்கு அனுமதி இல்லை. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தில் வாடிக்கையாளர் ரகசியம் காக்க வேண்டும் என்று வங்கிக்குக் கட்டளை இருக்கிறது, வங்கிக்காக வேலை செய்பவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவதுதான் நம் ஊரில் பலிக்கும் ஆயுதம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அதைச் செய்கிறார்கள்.

உங்கள் அண்ணன் கடனை உங்களிடம் கேட்டால், ஜாமீன் கையெழுத்து போட்டீர்களா என்று மட்டும் யோசியுங்கள். போடவில்லை என்றால் உங்களுக்குச் சம்பந்தமே இல்லை. கணவன் கடன் தானாக மனைவி தலையில் ஏறாது, அப்பா கடன் மகன் தலையிலும் ஏறாது. இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்து கேட்கலாம், அவ்வளவுதான். "குடும்பக் கடன், குடும்பமாகக் கட்டுங்கள்" என்பது வசூல்காரர் பேச்சு, சட்டம் அல்ல.

இன்னொரு வழக்கமான வசனம்: "உன்னைப் பிளாக்லிஸ்ட் பண்ணிவிடுவோம்." மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் பதிவில் கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. யார் எவ்வளவு வாங்கினார், கடந்த 12 மாதத்தில் எப்படிக் கட்டினார் என்ற விவரம்தான் இருக்கும். கடன் கொடுப்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்து முடிவு செய்வது அந்தந்த வங்கி. உங்கள் பதிவை நீங்களே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வசூல்காரர் சொல்லும் கடன் உங்கள் பெயரில் நிஜமாகவே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழி.

பணம் கட்டுவது என்று முடிவாகிவிட்டால் வங்கியின் கடன் கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள். தனியார் பெயரில் இருக்கும் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அந்த எண்ணைப் போலீஸின் செமாக் மியூல் இணையத்தளத்தில் போட்டால், அதன்மேல் முன்பே புகார் இருக்கிறதா என்று காட்டும். மோசடிக்குப் பணம் போட்டுவிட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 997-க்கு அழைக்க வேண்டும். பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் அழைத்தால்தான் தடுக்க வழி இருக்கும்.

மோட்டாரை இழுக்க வந்தால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் மோட்டார் போனால் வேலையும் போய்விடும். விடியற்காலை நாலரை மணிக்குப் ரப்பர் பால் வெட்டக் காட்டுக்கு எந்த பஸ் போகிறது?

ஒப்பந்தத்தை எடுத்து மேலே 'பெர்ஜஞ்சியான் சேவா பெலி' (வாடகைக் கொள்முதல் ஒப்பந்தம்) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் உங்களைக் காக்கும். ஒரு தவணை தவறியதற்கெல்லாம் வண்டியை எடுக்க முடியாது. தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும், அல்லது கடைசித் தவணை பாக்கி இருக்க வேண்டும். அதற்கு மேல், நான்காம் அட்டவணை நோட்டீஸ் உங்களுக்கு வந்து, குறைந்தது 21 நாள் கழிந்திருக்க வேண்டும். வண்டி வாங்கியவர் இறந்துபோயிருந்தால் நான்கு தவணை தொடர்ந்து தவறினால்தான் எடுக்கலாம். வண்டியின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டி முடித்திருந்தால், கோர்ட் உத்தரவு இல்லாமல் தொடவே கூடாது.

இழுக்க வருபவருக்கு உள்நாட்டு வாணிப அமைச்சு கொடுத்த அனுமதி அட்டை இருக்க வேண்டும். அட்டை, நோட்டீஸின் நகல், நிறுவனத்தின் அதிகாரக் கடிதம் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் சாவியைப் பிடுங்கினால் அது வழிப்பறிக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும் காரியம். நேராகப் போலீஸ் பலாய்க்குப் போங்கள்.

இங்கே ஒரு தந்திரம் நடக்கும். "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்கள் அண்ணே, வண்டி எங்களிடம் பத்திரமாக இருக்கும்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அது பெரும்பாலும், நானே விரும்பி வண்டியை ஒப்படைக்கிறேன் என்று எழுதிய தாள். போட்டுவிட்டால், அவர்கள் முறைப்படி வரவில்லை என்று பிறகு நீங்கள் வாதாடுவது கஷ்டம். நிஜமாகவே வண்டியை விட்டுவிட நினைத்தால், நோட்டீஸ் வந்த 21 நாளுக்குள் நீங்களே கொண்டுபோய் நிறுவனத்தில் விட்டு எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இழுக்கும் செலவு உங்கள் தலையில் விழாது.

வண்டி போய்விட்டதா? இன்னும் முடிந்துவிடவில்லை. எடுத்த 21 நாளுக்குள் ஐந்தாம் அட்டவணை நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது வந்த பிறகு உங்களுக்கு 21 நாள் அவகாசம் உண்டு. பாக்கித் தவணையையும் எடுத்த செலவையும் கட்டினால் வண்டியைத் திரும்ப வாங்கலாம். இது தெரியாமல் "போனது போகட்டும்" என்று விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வண்டி ஏலத்தில் குறைந்த விலைக்குப் போய், மீதிக் கடனும் அவர்கள் பெயரிலேயே நிற்கும்.

வட்டிக்கு வாங்கியிருந்தால்

1951-ஆம் ஆண்டு வட்டிக்கடன் சட்டப்படி, பணத்தை வட்டிக்கு விடுபவர் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். வட்டிக்கும் உச்சவரம்பு உண்டு. அடமானம் இல்லாத கடனுக்கு வருடம் 18 விழுக்காடு, அடமானம் இருந்தால் 12. அடமானம் இல்லாமல் 1,000 வெள்ளி வாங்கினால் வருட வட்டி 180 வெள்ளி, மாதத்துக்கு 15. தவணை தவறினால் அந்தத் தொகைக்கு வருடம் 8 விழுக்காடு தனி வட்டி. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதன் நகலைப் பணம் கொடுக்கும் முன்பே உங்களிடம் தந்துவிட வேண்டும். இதையெல்லாம் செய்பவர்கள் டவுனில் இல்லாமல் இல்லை. அமைச்சின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இப்போது மின்கம்பத்தில் ஸ்டிக்கர் ஒட்டும் ஆளின் கணக்கைப் பாருங்கள். 1,000 வெள்ளி கடன் என்பார். 'கோப்பிக் காசு', 'பாரம் காசு' (படிவத்துக்கான காசு) என்று கழித்துக் கையில் 800 கொடுப்பார். வாரம் 150, எட்டு வாரம். மொத்தம் 1,200. கையில் வாங்கியது 800, இரண்டே மாதத்தில் 400 வெள்ளி அதிகம், அதாவது பாதிக்குப் பாதி வட்டி. ஒரு வாரம் மழை பெய்து பால் வெட்டு இல்லாமல் போனால் அபராதம் தனி.

உரிமம் இல்லாதவர் போட்ட கடன் ஒப்பந்தத்தை கோர்ட்டில் அமல்படுத்த முடியாது. அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உரிமமின்றி வட்டிக்கு விடுவது குற்றம். 250,000 முதல் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம் உண்டு, ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. கோர்ட்டுக்குப் போக முடியாது என்பதால்தான் ஆலோங் வீட்டில் ஊற்றச் சிவப்புச் சாயத்தோடு வருகிறார். உரிமம் உள்ளவரும் கடன் வாங்கியவரையோ குடும்பத்தையோ மிரட்டித் தொல்லை கொடுத்தால் அதே சட்டப்படி குற்றவாளிதான். உரிமம் இருப்பதாலேயே யோக்கியர் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐசியையும் ஏடிஎம் கார்டையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். அடுத்தவர் ஐசியைச் சட்ட அனுமதியில்லாமல் வைத்திருப்பது தேசியப் பதிவு விதிகளின்படி குற்றம். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் ரிப்போர்ட் எடுத்துவிட்டு, வங்கியில் பழைய கார்டை ரத்துசெய்து புதிது வாங்குங்கள். சம்பளக் கணக்கையே வேறு வங்கிக்கு மாற்றினால் இன்னும் நல்லது.

போலீஸ் ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. பலாயில் போய் "நான் கடன் வாங்கினேன், கட்ட முடியவில்லை" என்று ஆரம்பித்தால், "இது சிவில் கேஸ், நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். மிரட்டலிலிருந்து ஆரம்பியுங்கள். "இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்ன எண்ணிலிருந்து, வீட்டைக் கொளுத்துவேன் என்று சொன்னார்." மலாயில் 'டிகாச்சாவ்' என்று சொல்லாமல் 'டியுகுட்' என்று சொல்லுங்கள். முதலாவது தொந்தரவு, இரண்டாவது மிரட்டல். குற்றவியல் மிரட்டல் தண்டனைச் சட்டத்தின் 506-ஆம் பிரிவு, சாயம் ஊற்றிப் பொருளை நாசம் செய்வது 427, அத்துமீறி வீட்டுக்குள் நுழைவது 448. இந்த எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். கவுண்டரில் இருப்பவர் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார். ரிப்போர்ட் நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஆள் கதவை உடைத்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் பிறகு, முதலில் 999.

கூட்டுப் பணத்தில் (சீட்டுக் கட்டுவதில்) மாட்டிக்கொண்டவர்களும் என்னிடம் வருவதுண்டு. 1971-இலேயே சட்டம் போட்டுத் தடை செய்த விவகாரம் அது. நடத்துவது தெரிந்த அக்காவாகவே இருந்தாலும் சீட்டு முறிந்த பிறகு கையில் பிடிக்க ஒரு கயிறும் இருக்காது.

தூங்கிக் கிடந்த பழைய கடன்

2010 வாக்கில் எடுத்து மறந்துபோன கார்டுக்கு இப்போது கடிதம் வரும். பாக்கியை யாரோ விலைக்கு வாங்கி, புதுப் பெயரில் கேட்பார்கள். 1953-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குப் பிறகு போட்டால் நீங்கள் எதிர்க்கலாம். ஆனால் இரண்டு கண்ணி இருக்கிறது.

இடையில் கொஞ்சம் பணம் கட்டினாலோ, கடன் இருப்பதை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, ஆறு ஆண்டுக் கணக்கு அந்த நாளிலிருந்து புதிதாக ஓட ஆரம்பிக்கக்கூடும். "நல்லெண்ணத்துக்கு ஒரு 50 வெள்ளி போடுங்கள்" என்று வசூல்காரர் கெஞ்சுவதன் ரகசியம் இதுதான். வாட்ஸ்ஆப்பில் எழுதிக் கொடுக்காதீர்கள் என்று முதலில் சொன்னதும் இதற்காகத்தான். இரண்டாவது, வழக்கு வந்தால் காலம் கடந்துவிட்டது என்று நீங்கள்தான் எதிர்வாதத்தில் எழுத வேண்டும். நீதிபதி தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார். தீர்ப்பு ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்றால் கணக்கு வேறு, அதற்குப் 12 ஆண்டு. ஆகையால் பழைய கடன் கடிதம் வந்தால் முதல் கேள்வி: கடைசியாக எப்போது கட்டினேன், வழக்கு எதுவும் நடந்ததா?

கோர்ட் கடிதம் வந்தால்

வசூல்காரர் கடிதத்துக்கும் கோர்ட் கடிதத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். வக்கீல் பெயரில், சிவப்பு எழுத்தில், தராசுப் படம் போட்டு வருவதெல்லாம் கோர்ட் கடிதம் அல்ல. கோர்ட் பெயர், வழக்கு எண், முத்திரை இருக்கும். சந்தேகமாக இருந்தால் வழக்கு எண்ணை எடுத்துக்கொண்டு அந்த நீதிமன்றப் பதிவகத்திலேயே போய்க் கேளுங்கள்.

நிஜமான சம்மன் என்றால் ஒளித்து வைக்கக் கூடாது. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துக் கொண்டு வருவார்கள், எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ரிட் எனப்படும் அந்த வழக்குத் தாள் கைக்கு வந்த 14 நாளுக்குள் நீங்கள் வருகிறீர்கள் என்று கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு விழும். அப்படி விழுந்தால் ரத்துசெய்யக் கேட்க, தீர்ப்பு கைக்குக் கிடைத்து 30 நாள்தான். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சிறு வழக்கு என்றால் வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். மற்றதற்கு, வருமானம் குறைந்தவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையில் போய்க் கேளுங்கள். ஜேபிஜி என்றால் எல்லாருக்கும் தெரியும்.

கடனுக்காக மட்டும் சிறை இல்லை. ஆனால் தீர்ப்பு வந்த பிறகு, உங்கள் வருமானத்தை விசாரிக்க கோர்ட் கூப்பிட்டும் போகாமல் இருந்தால் விவகாரம் கெட்டுவிடும், பிடிவாரண்ட் வரைக்கும் போகலாம். கூப்பிட்டால் போய், சம்பளச் சீட்டைக் காட்டி, மாதம் இவ்வளவுதான் முடியும் என்று சொல்லுங்கள். சாமான் ஜப்தி என்பதும் தீர்ப்புக்குப் பிறகு, கோர்ட் அமீனா எழுத்து உத்தரவோடு வந்து செய்வது. திவால் என்று பயமுறுத்தினால், கடன் 100,000 வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால்தான் அந்தப் பேச்சே எழும். 2021 செப்டம்பர் முதல் அது நிரந்தர வரம்பு. படிப்புக் கடன், சொந்த உபயோக வாகனத்தின் வாடகைக் கொள்முதல், குடியிருக்கும் வீட்டுக் கடன் இவற்றுக்கு ஆதாயமில்லாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க 2017 முதல் சட்டம் இடம் கொடுக்கவில்லை. (என் ஜாமீன் கதைக்கு இது தெரிந்திருந்தால் மனைவி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.)

சேமநிதிப் பணத்தையும் கடன்காரர் தொட முடியாது. ஈபிஎஃப் கணக்கில் இருக்கும்வரை அதை ஜப்தி செய்யச் சட்டத்தில் வழியில்லை. 2024 மே மாதம் ஈபிஎஃப்பில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கும் நெகிழ்வுக் கணக்கு (மூன்றாம் கணக்கு) வந்ததிலிருந்து, "மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டுங்கள்" என்று வசூல்காரர்கள் வழி சொல்லிக் கொடுக்கிறார்களாம். எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அவர் சொன்னதற்காக எடுக்காதீர்கள்.

கட்ட மனம் இருக்கிறது, பணம் இல்லை என்றால்

பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். கடன் ஆலோசனை, நிர்வாகம் இரண்டும் இலவசம். வங்கிக் கடன்கள் பலவாக இருந்தால் உங்கள் சார்பில் வங்கிகளோடு பேசி, வருமானத்துக்குத் தக்கபடி ஒரே மாதத் தவணையாக மாற்றித் தர முயல்வார்கள். எங்களுக்குப் பக்கத்துக் கிளை ஈப்போவில். எண் 03-2616 7766. சம்பளச் சீட்டு, கடன் கடிதங்கள், வீட்டுச் செலவுக் கணக்கு எல்லாம் கொண்டு போக வேண்டும். செலவுக் கணக்கில் பொய் எழுதாதீர்கள். குறைவாக எழுதினால் கட்ட முடியாத தவணை விழும். திருவிழா, பிள்ளை பள்ளிச் செலவு, மழைக்காலத்தில் குறையும் சம்பளம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு "ஏகேபிகேவில் பேசித் தருகிறேன்" என்று கிளம்பியிருப்பவர்களிடம் ஏமாற வேண்டாம். ஆலோங் கடன் அங்கே எடுபடாது, அதற்கு மேலே சொன்ன போலீஸ் வழிதான்.

வங்கி வசூல்காரர் வரம்பு மீறினால் புகார் வரிசை இப்படி. முதலில் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் குறித்தவை இங்கேதான் உதவும். பதில் சரியில்லை என்றால் பேங்க் நெகாரா, 1-300-88-5465. பணத் தகராறாக இருந்தால் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து அந்தப் பெயரில் இயங்குகிறது, பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. வங்கியின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தமிழில் பேசி உதவி கேட்க நினைப்பவர்களுக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. வங்கிசாராத வசூல் ஏஜென்சிகளையும் ஒரு ஆணையத்தின் கீழ் கொண்டுவர 2025-இல் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. இனி "யாரிடம் பதிவு செய்திருக்கிறீர்கள்?" என்பதையும் வாசலில் கேட்கும் கேள்விகளோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தள்ளுபடி பேசினால் ஒரு எச்சரிக்கை. "5,000 பாக்கி, 3,000 கட்டினால் முடித்துக்கொள்வோம்" என்று போனில் சொல்வதை நம்பிப் பணம் போடாதீர்கள். இந்தத் தொகையோடு கடன் முழுவதும் தீர்ந்தது என்று வங்கியின் தலைப்புத் தாளில் கடிதம் வரட்டும், பிறகு போடுங்கள். இல்லாவிட்டால் மீதி 2,000 இரண்டு வருடம் கழித்து வேறொரு ஏஜென்சி பெயரில் வந்து நிற்கும்.

கடைசித் தவணை கட்டிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். மோட்டார் என்றால், வண்டிப் பதிவில் இருக்கும் நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கையை ஜேபிஜேவில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) நீக்கச் சொல்லி, நீங்கியதா என்று கிரானில் (வண்டி உரிமைப் பத்திரத்தில்) பாருங்கள். அந்தக் கடிதம், ரசீதுகள், நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வையுங்கள். என் வீட்டில் அதற்கு அப்பாவின் பிஸ்கட் டின்தான். மூடி கொஞ்சம் துருப்பிடித்துவிட்டது, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.